ஃபார்மேட் போடுவதற்கு முன்

கம்ப்யூட்டர் இழுக்கிறது, திரையில் சம்பந்தமில்லாத விளம்பரம் குதிக்கிறது, ஃபைல் திறக்கவில்லை என்று எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் இப்போதெல்லாம் ஒரே பதில்தான்: "ஃபார்மேட் போட்டுடலாங்க." வைரஸ் என்றால் என்ன, எப்படிப் பரவும் என்பதெல்லாம் நீங்கள் கேட்டுச் சலித்த சங்கதி, அதை மறுபடி ஓதப்போவதில்லை. வைரஸை எடுப்பது ஒரு கலை, அந்தக் கலையை இந்த ஒற்றைச் சொல் விழுங்கிக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். ஃபார்மேட் கடைசிப் படி. முதல் படி அல்ல. திருப்பூரில் இது வெறும் வீட்டு விவகாரமும் அல்ல. ராயபுரத்திலோ கொங்கு நகரிலோ அனுப்பர்பாளையத்திலோ ஒரு வீட்டு முன்னறைக் கம்ப்யூட்டரில் காலையில் பிள்ளை பாடம் பார்க்கும். மதியம் அதே பெட்டியில் எம்பிராய்டரி பஞ்சிங் நடக்கும். ராத்திரி ஜாப் ஒர்க் பில்லும் இ-வே பில்லும் டேலி கணக்கும் ஏறும். பையர் அனுப்பிய டெக் பேக், பிரிண்டிங்குக்கான கோரல்டிரா டிசைன், வருஷக்கணக்கில் சேர்ந்த டி.எஸ்.டி. எம்பிராய்டரி ஃபைல்கள் என்று ஒரு சின்ன யூனிட்டின் பாதி உயிர் அதற்குள் இருக்கிறது. துடைத்தால் அதுவும் சேர்ந்துதான் போகும்.

பென் டிரைவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் அதற்கு நடமாட்டம் அதிகம். பஞ்சிங் போடுபவர் டிசைனைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கிறார். அது எம்பிராய்டரி மிஷினுக்குப் போகிறது, அங்கிருந்து இன்னொரு யூனிட்டின் கம்ப்யூட்டருக்கு, சாயங்காலம் திரும்பவும் வீட்டுக்கு. 2008 நவம்பரில் கிளம்பிய கான்ஃபிக்கர் போன்ற வைரஸ்கள், செருகியதுமே தானாக ஓடும் ஆட்டோரன் வசதியைப் பிடித்துக்கொண்டும் பரவின. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் எக்ஸ்பியிலும் விஸ்டாவிலும் பென் டிரைவுக்கு அந்த வசதியை முடக்கியது. ஷார்ட்கட் தந்திரத்துக்கு அது தடையாக இருக்கவில்லை. பென் டிரைவைத் திறந்தால் உங்கள் ஃபோல்டர்கள் அதே பெயரில் இருக்கும். ஆனால் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஒரு சிறு அம்புக்குறி. சொடுக்கினால் ஃபோல்டர் திறக்கத்தான் செய்யும், கூடவே பின்னால் ஒரு ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் ஓடி கம்ப்யூட்டரில் குடியேறிவிடும். ஒருநாள் ஆன்டிவைரஸ் அந்த ஸ்கிரிப்டை மட்டும் அழித்துவிடும். அப்புறம் சொடுக்கினால் எதுவும் திறக்காது. "டிசைன் எல்லாம் போச்சு" என்று அலறிப் பென் டிரைவை ஃபார்மேட் போடுவார்கள். உண்மையில் ஒரு டிசைன்கூடப் போயிருக்காது. டிரைவின் மேல் வலது சொடுக்குப் போட்டு ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள்: நிரம்பிய இடம் பழையபடியே நிரம்பியிருக்கும். வைரஸ் செய்தது, ஃபோல்டர்களுக்கு மறைவு என்றும் சிஸ்டம் என்றும் இரண்டு முத்திரை குத்தி ஒளித்துவைத்ததுதான். கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையில் 'அட்ரிப்' என்ற ஒரே கட்டளையால் அந்த முத்திரைகளைக் கழற்றலாம். ஃபோல்டர்கள் அத்தனையும் அப்படியே எழுந்து வரும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முதலில் கம்ப்யூட்டர், பிறகுதான் பென் டிரைவ். வரிசை மாறினால் சுத்தம் செய்த பென் டிரைவில் அடுத்த நிமிடமே பழைய அம்புக்குறி வந்து உட்காரும். அரை மணி வேலையில் முழுசாக மீளும் பொருளை, அவசரத்தில் நாமே அழிக்கிறோம். மறுபடியும் சொல்கிறேன்: வைரஸ் அழிக்காததை ஃபார்மேட் அழிக்கிறது.

அது எளிய கேஸ், கடினமான கேஸில் என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2018-லிருந்து வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பிடித்தாட்டிய ஸ்டாப் டிஜேவு என்ற பணயத் தொகை வைரஸை எடுத்துக்கொள்வோம். திருட்டு சாஃப்ட்வேருடன் வரும் கிராக், கீஜென் ஃபைல்களின் வழியாகத்தான் அது பெரும்பாலும் நுழைந்தது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு ரீட்மீ கடிதம் போட்டுவிடும்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலை, 490. பார்த்ததும் கை நேராக ஃபார்மேட்டுக்குப் போகிறது. கொஞ்சம் நில்லுங்கள். இந்த வைரஸ் ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கிலோபைட் அளவைத்தான் பூட்டுகிறது. சின்ன டி.எஸ்.டி. ஃபைல் என்றால் முழுதும் போய்விடும். பெரிய வீடியோவோ ஜிப் ஃபைலோ என்றால் பெரும்பகுதி தொடப்படாமல் கிடக்கும், அதிலிருந்து ஓரளவு மீட்கலாம். இன்னொன்று, தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாதபோது அது தனக்குள்ளேயே இருக்கும் பொதுச் சாவியால் பூட்டும். ரீட்மீ கடிதத்தின் கடைசியில் உள்ள அடையாள எண் 'டி-ஒன்' என்று முடிந்தால் பூட்டியது அந்தப் பொதுச் சாவி. அப்படி ஒரே சாவியால் பூட்டப்பட்டவர்கள் உலகெங்கும் இருப்பார்கள். ஒருவருக்குச் சாவி கிடைத்தால் எல்லாருக்கும் திறக்கும். பாதுகாப்பு ஆய்வாளர் மைக்கேல் கில்லெஸ்பியும் எம்சிசாஃப்ட் நிறுவனமும் சேர்ந்து 2019 அக்டோபரில் இதன் 148 வகைகளுக்கு இலவசத் திறப்புக் கருவி வெளியிட்டார்கள். பூட்டிய ஃபைலையும் கடிதத்தையும் ஓரமாக எடுத்து வைத்திருந்தவருக்கு அது பயன்பட்டது. அன்றைக்கே ஃபார்மேட் போட்டவருக்குத் திறக்க என்ன இருந்தது?

இதே வைரஸ் 'டைம் ட்ரிக்கர் டாஸ்க்' என்ற பெயரில் விண்டோஸின் கால அட்டவணையில் ஒரு வேலையைப் பதிந்துவைக்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை அது எழுந்து, புதிதாக வந்த ஃபைல்களையும் பூட்டும். பதற்றத்தில் பேக்கப் வைத்திருக்கும் டிஸ்க்கைச் செருகினீர்கள் என்றால் அதுவும் போச்சு. நான் கலை என்று சொல்வது இங்கேதான் வருகிறது, இதில் எனக்குப் பிடித்த கலைஞர் மார்க் ருஸினோவிச். 1996-ல் பிரைஸ் காக்ஸ்வெல்லுடன் சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனத்தை 2006-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அவர்களின் சிஸ்இன்டர்னல்ஸ் என்ற கருவிகள் இன்றும் இலவசம். அவற்றில் இரண்டுதான் நமக்கு முக்கியம்: ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர், ஆட்டோரன்ஸ். முதலாவது, இந்த நொடியில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும். இரண்டாவது, அடுத்த முறை கம்ப்யூட்டரை ஆன் செய்தால் எது எது தானாக ஓடும் என்று காட்டும். இப்போது ஓடுவது எது, நாளைக்கு ஓடப்போவது எது: இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ருஸினோவிச் கற்றுத்தந்த முறையின் அழகே அதன் வரிசையில்தான். முதலில் இன்டர்நெட்டைத் துண்டிக்க வேண்டும். பிறகு ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரில் சந்தேகத்துக்குரியதைத் தேட வேண்டும்: நிறுவனப் பெயர் இருக்காது, விளக்கம் இருக்காது, கையெழுத்துச் சான்று இருக்காது, பெயர் மட்டும் விண்டோஸின் ஃபைல் போலவே இருக்கும். கண்டதும் கொல்லக் கூடாது. இந்த இடத்தில்தான் பலரும் தோற்கிறார்கள். வைரஸ்கள் இரண்டிரண்டாக ஓடி ஒன்றையொன்று காவல் காக்கும். ஒன்றைக் கொன்றால் மற்றது அதை உடனே எழுப்பிவிடும். எனவே முதலில் 'சஸ்பெண்ட்'. எல்லாவற்றையும் நிறுத்திவைத்த பிறகு ஒவ்வொன்றாக முடிக்க வேண்டும். நிறுத்திவைக்கப்பட்ட காவலாளுக்குத் தன் கூட்டாளி போனது தெரியாது. மறுபடி சொல்கிறேன்: முதலில் நிறுத்து, பிறகு கொல். அதற்கப்புறம் ஆட்டோரன்ஸைத் திறந்து, மைக்ரோசாஃப்ட்டின் பதிவுகளை மறைத்துவிட்டு, மிச்சத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். லாகான், கால அட்டவணை, சர்வீஸ், டிரைவர் என்று வைரஸ் வேர்விடும் இடங்கள் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். சந்தேகமான வரியை அழிக்காமல் டிக்கை மட்டும் எடுத்துவிடலாம். தவறாக எடுத்திருந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பிறகு ரீஸ்டார்ட், பிறகு இன்னொரு முறை பார்வை. இவ்வளவு பொறுமை எதற்கு என்பதற்கு அவருடைய புகழ்பெற்ற கேஸே சான்று. 2005 அக்டோபர் 31-ல், சோனி பி.எம்.ஜி.யின் ஒரு பாட்டு சி.டி. தன் கம்ப்யூட்டரில் ரகசியமாக ஒரு ரூட்கிட்டைப் பதித்திருப்பதை அவர் அம்பலப்படுத்தினார். குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் எந்த ஃபைலையும் அது கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தது. அதன் ஃபைல்களை அவர் நீக்கியதும் சி.டி. டிரைவே கம்ப்யூட்டரிலிருந்து காணாமல் போனது. ரெஜிஸ்ட்ரியில் சி.டி. டிரைவோடு அந்த ரூட்கிட்டின் டிரைவர் பின்னிக்கொண்டிருந்ததைத் தேடிப்பிடித்து எடுத்த பிறகே டிரைவ் திரும்பியது. அடுத்த மாதம் சோனி அந்த சி.டி.க்களைத் திரும்பப் பெற்றது. ஃபைலை அழிப்பது ஒரு வேலை, அதன் வேரை எடுப்பது இன்னொரு வேலை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அது கடைக்காரர்களிடமிருந்து வருவதல்ல, நிபுணர்களிடமிருந்தே வருவது. மைக்ரோசாஃப்ட்டில் பாதுகாப்புப் பணியில் இருந்த யெஸ்பர் யொஹான்சன் 2004-லேயே எழுதினார்: ஒருமுறை பிறர் கைக்குப் போன கம்ப்யூட்டரை நம்ப முடியாது, முழுசாகத் துடைத்துப் புதிதாகக் கட்டுவதுதான் வழி என்று. நான் அதை மறுக்கவில்லை. சாலிட்டி, விருட் போன்ற வைரஸ்கள் ஒவ்வொரு இ.எக்ஸ்.இ. ஃபைலுக்குள்ளும் புகுந்து ஒட்டிக்கொள்பவை; அங்கே கையால் சுத்தம் செய்வது வீண் முயற்சி, துடைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் யொஹான்சன் சொன்னது துடைத்துப் புதிதாகக் கட்டுவதை, நம் ஊரில் நடப்பது துடைத்துவிட்டுப் பழையபடியே கட்டுவது. எந்த வழியாக வந்தது என்று பார்க்காமல் போடும் ஃபார்மேட், வந்த வழியைத் திறந்தே வைக்கிறது. 2017 மே 12-ல் வான்னக்ரை என்ற பணயத் தொகை வைரஸ் உலகைக் கலக்கியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வந்திருந்தது. அந்த அப்டேட் இல்லாத பழைய விண்டோஸை மறுபடி ஏற்றுவதில் என்ன லாபம்? கிராக் விஷயம் இதைவிட மோசம். ஃபார்மேட் போட்ட அதே கையால் ஆக்டிவேட்டர் என்று ஒன்றை ஓட்டுகிறார்கள். "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணவும்" என்ற குறிப்போடு வரும் டிசைன் சாஃப்ட்வேரையும் ஏற்றுகிறார்கள். நிட்டிங் மிஷினில் ஊசி கெட்டுத் துணியில் நீடில் லைன் விழுகிறது. துணியை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டு அதே ஊசியில் ஓட்டினால் அடுத்த ரோலிலும் கோடு விழாதா?

ஒரிஜினல் வாங்கக் கட்டுப்படியாகாது என்பார்கள். விண்டோஸைப் பொறுத்தவரை இந்த வாதம் பாதிக்கு மேல் தவறு. விண்டோஸ் 8 வந்த 2012-க்குப் பிறகு, விண்டோஸோடு விற்கப்பட்ட பிராண்டட் லேப்டாப்புகளில் லைசென்ஸ் சாவி பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய அதே பதிப்பை ஏற்றினால் அதுவே ஆக்டிவேட் ஆகிக்கொள்ளும். சொந்த வீட்டுச் சாவி பையில் இருக்கும்போது பூட்டை உடைத்துத் தருகிறார்கள், அதற்குக் கூலியும் வாங்குகிறார்கள். டிசைனுக்கு இங்க்ஸ்கேப் இலவசம். அதோடு சேரும் இங்க்ஸ்டிட்ச் டி.எஸ்.டி. ஃபைலும் தரும், அதுவும் இலவசம். விலையுயர்ந்த பஞ்சிங் சாஃப்ட்வேரின் நேர்த்தி அதில் முழுசாக வராது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு சின்ன லோகோவுக்கு அது போதும். ஆன்டிவைரஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸோடு வரும் டிஃபென்டரே இன்று நல்ல காவல். சென்னையில் 1991-ல் பிறந்த கே-செவன் போல நம் ஊர்த் தயாரிப்பும் உண்டு. மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா 2017-லிருந்து சுத்தப்படுத்தும் கருவிகளை இலவசமாகவே தருகிறது. எதுவானாலும் நாமே ஆஃப் செய்துவிட்டால் அது என்ன செய்யும்?

"ஷிப்மென்ட் நாளைக்கு, உட்கார்ந்து ஆராய நேரம் ஏதுங்க" என்பது உண்மையான நெருக்கடி. அதற்கு வழி இருக்கிறது: பழைய டிஸ்க்கைக் கழற்றித் தேதி எழுதி வையுங்கள், புதிய எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் ஏற்றி வேலையைப் பாருங்கள். அவசரமும் தீரும், டிசைனும் பிழைக்கும், எப்படி வந்தது என்று பிறகு பார்க்கத் தடயமும் கையில் இருக்கும். ஆனால் ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போட முடியாது. டிஜேவு வரும்போது பல சமயம் பாஸ்வேர்ட் திருடும் வைரஸையும் கூட்டிக்கொண்டு வந்தது. பிரவுசரில் சேமித்துவைத்த பாஸ்வேர்ட் அத்தனையும் அதற்குள் வெளியே போயிருக்கலாம். எத்தனை முறை ஃபார்மேட் போட்டாலும் போனது திரும்பாது. பையருடன் பேசும் மெயில் இன்னொருவர் கையில் இருந்தால், பேங்க் அக்கவுன்ட் நம்பரை மாற்றி ஒரு கடிதம் போக அதிக நேரம் ஆகாது. ஆகவே சுத்தமான வேறொரு கம்ப்யூட்டரிலிருந்தோ போனிலிருந்தோ, அன்றைக்கே மாற்றுங்கள்: முதலில் மெயில், ஏனென்றால் மற்ற எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் மீட்கும் கடிதம் அங்கேதான் வருகிறது, அடுத்து பேங்க், அடுத்து ஜி.எஸ்.டி. போர்ட்டல். மெயிலுக்கு இரட்டைச் சரிபார்ப்பும் போடுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள். முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.