எச்சில் சொல்லும் சேதி

(குறுவள மையக் கூட்டத்தில் தஞ்சாவூர் மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



2021 மார்ச் மாதத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். நம் மாவட்டத்தின் பல பள்ளிகளில் மாணவர்களுக்குக் கொரோனா தொற்று கண்டறியப்பட்டது. "மூக்குக்குள்ள குச்சி விடுவாங்களா டீச்சர்?" என்று கேட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் கையை விடவே இல்லை. பயந்துபோய் இரண்டு பேர் மறுநாள் பள்ளிக்கே வரவில்லை. சோதனைக்கு வராத பிள்ளைக்குத் தொற்று இருந்தால், அது யாருக்கும் தெரியாமல் பரவும்.

அதே ஆண்டு மே மாதம் இதற்கு ஒரு வழி பிறந்தது. நாகப்பூரில் உள்ள 'நீரி' என்னும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முறை அது. உப்புக் கரைசலால் தொண்டையைக் கொப்பளித்து, குழாயில் துப்பினால் போதும். ஆய்வகத்தில் பிசிஆர் சோதனை செய்து சுமார் மூன்று மணி நேரத்தில் முடிவு சொல்லலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இதற்கு ஒப்புதல் தந்தது.

ஆய்வகம் இல்லாமலே, இருந்த இடத்தில் சில நிமிடங்களில் முடிவு தெரிய அட்டைச் சோதனை இருக்கிறது. எச்சில் மாதிரி பட்டையில் ஊறி நகரும். அங்கே பதித்துள்ள எதிர்ப்பொருள்கள் வைரஸின் புரதத்தைப் பிடித்தால் கோடு தெரியும்.

சிக்கலும் இங்கேதான். எச்சிலில் வைரஸின் அளவு ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். பிசிஆர் அதைப் பெருக்கிப் பார்க்கிறது. ஒரு நெல்மணியை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி இரட்டித்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். 10 முறையில் 1,024 ஆகும். 30 முறையில் 107 கோடியைத் தாண்டும். வைரஸின் மரபுப்பொருளை பிசிஆர் இப்படித்தான் பெருக்குகிறது. அட்டை பெருக்குவதில்லை, இருப்பதை மட்டுமே தேடுகிறது. கொஞ்சமாக இருந்தால் தவறவிடும்.

ஆகவே, கோடு வரவில்லை என்றால் 'தொற்று இல்லை' என்று பொருளல்ல. 'இந்த மாதிரியில் அகப்படவில்லை' என்பதே பொருள். காய்ச்சலும் இருமலும் இருக்கும் பிள்ளையை, கோடு வரவில்லை என்பதற்காக வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது. சரிபார்ப்புக் கோடே தெரியாவிட்டால் அந்தச் சோதனை செல்லாது.

வடிதாளில் மைப்புள்ளி வைத்து, அதன் நுனியைத் தண்ணீரில் தொடவிட்டால் நீர் ஏறுவதைப் பிள்ளைகள் கண்ணாலேயே காண்பார்கள். அட்டையும் அப்படித்தான் வேலை செய்கிறது என்று புரிந்தால் பயம் குறையும். முடிவை எப்படிப் படிப்பது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொடுப்போம். அடுத்த தொற்று வரும்போது அந்தப் பாடம் ஒரு வீட்டையே காக்கும்.