திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனாரின் சட்டசபைப் பணி



இரட்டைமலை சீனிவாசனார் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர். காஞ்சியிலிருந்து ஒரு பொழுதில் சென்று வரத்தக்க ஊர்தான் அது. 1893இல் 'பறையன்' எனும் இதழைத் தொடங்கினார். பிறர் இழிவென உரைத்த பெயரையே இதழுக்குச் சூட்டிய துணிவை எண்ணிப் பாருங்கள்!

நம் மக்களின் குறையை இங்கிலாந்தில் எடுத்துரைக்கப் புறப்பட்டவருக்கு, தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல்லாண்டுகள் பணிபுரிய நேர்ந்தது. அவ்வாண்டுகள் வீணாயின என்பார் உளர், யான் உடன்படேன். சரிகையை நிறுப்பதுபோல் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பேசும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வாய்த்திருத்தல் வேண்டும்.

தாயகம் திரும்பியபின், 1923இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்டோரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924 ஆகஸ்டில் கொணர்ந்தார். அது நிறைவேறியது, அரசிதழிலும் வெளிவந்தது. ஆனால், அவ்வறிவிப்பைப் படிக்கத் தெரிந்தவர் அன்று நம் சேரிகளில் எத்தனை பேர்? கிணற்றடியில் மறித்தவனிடம் அதனைக் காட்டி வாதிட யார் இருந்தனர்? கல்விக் கழகங்களின் தேவை அங்கே தொடங்கிற்று.

1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தார். 1932இன் பூனா ஒப்பந்தத்திலும் அவர் கையொப்பம் உண்டு. அவர் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திரச் சுருக்கம்' சிறு நூல்தான். ஓர் இரவில் படித்து முடிக்கலாம். அதன் படிகள் சிலவற்றையேனும் நம் நூலகத்திற்கு இவ்வாண்டிலேயே வாங்குமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டி அமர்கிறேன்.