உலோகம் உணரும் நுண்ணுயிர்: திட்டமிடும் முறை

(வடாலாவில் மாணவர்களிடையே ஆற்றிய உரை)



வடாலா உப்பளங்களுக்கு அப்பால் மாகுல் கழி. அதன் அருகே சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும். கழிநீரில் பாதரசம் உண்டா என்பதை நுண்ணுயிரைக் கொண்டு அறியும் திட்டத்தை எவ்வாறு வகுப்பது?

பாதரசத்தைத் தாங்கும் பாக்டீரியாக்களில் 'மெர்-ஆர்' என்னும் புரதம் உண்டு. பாதரசம் சேர்ந்தால் அது குறிப்பிட்ட மரபணுக்களை இயக்கும். அவ்விடத்தில் ஜெல்லி மீனின் ஒளிர்புரத மரபணுவை இணைத்தால், நீல ஒளியில் பச்சை நிறம் தோன்றும். அம்மரபணு பாக்டீரியாவிலும் செயற்படுவதைச் சால்ஃபி 1994இல் நிறுவினார்.

பச்சை தோன்றாவிடில் நீர் தூயது எனலாமா? கூடாது. நஞ்சு மிகுந்து பாக்டீரியாவே மடிந்திருக்கலாம். உப்பு அதன் உணர்திறனைக் குலைத்திருக்கலாம். ஆகவே, உயிருடனிருப்பதைக் காட்ட, எப்போதும் உருவாகும் சிவப்பு ஒளிர்புரதம் ஒன்றையும் சேர்த்தல் வேண்டும். அதே நீரில் அளவறிந்த பாதரசம் கலந்த மாதிரியையும் உடன் சோதித்தல் வேண்டும்.

1989ஆம் ஆண்டு விதிகளின்படி அமையும் உயிரியற் பாதுகாப்புக் குழுவின் முன் திட்டத்தை முதலில் வைத்தல் வேண்டும். நீர் ஆய்வகத்திற்கு வரலாம். பாக்டீரியா கழிக்குச் செல்லலாகாது.

இம்முறை கருவி ஆய்வுக்கு மாற்றன்று. செலவு மிக்க ஆய்வுக்கு எம்மாதிரிகளை அனுப்புவது எனத் தெரிவு செய்ய உதவுவது. இங்கு நேரும் தவறான நிம்மதிக்கு விலை கொடுப்போர், கழியில் மீன்பிடித்து வாழ்வோரே. திட்டச் செலவில் அதனையும் சேர்த்துக் கணக்கிடுதல் நம் கடமை.