வலி வருவதற்கு முன் சொல்லுங்கள்



இன்றைய பேச்சு கொஞ்சம் கூச்சமான விஷயம். பிறப்புறுப்பில் வரும் ஒரு புண்ணைப் பற்றியது. இந்தப் புண் வந்தால் பெண்கள் யாரிடமும் சொல்வதில்லை. அம்மாவிடம் சொல்லத் தயக்கம். மாமியாரிடம் சொல்லப் பயம். டாக்டரிடம் சொல்ல வெட்கம். ஆனால் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இதை மறைத்தால் பிள்ளைக்கு ஆபத்து வரலாம். சொல்லிவிட்டால் பிள்ளையைக் காப்பாற்ற வழி இருக்கிறது.

இது என்ன நோய்?

இதன் பெயர் ஹெர்பிஸ். இது ஒரு வைரஸ் கிருமியால் வருகிறது. உடலுறவின் மூலம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறது. முதலில் அந்த இடத்தில் எரிச்சலும் குறுகுறுப்பும் இருக்கும். பிறகு சிறிய நீர்க் கொப்புளங்கள் கொத்தாக வரும். அவை உடைந்து புண்ணாகும். சிறுநீர் போகும்போது எரியும். முதல் முறை வரும்போது சிலருக்குக் காய்ச்சல் வரும். தொடை இடுக்கில் நெறி கட்டும். இரண்டு, மூன்று வாரத்தில் புண் ஆறிவிடும்.

புண் ஆறினாலும் கிருமி போவதில்லை. நரம்பின் வேரில் பதுங்கி இருக்கும். எப்போதாவது மறுபடியும் தலை காட்டும்.

பலருக்குக் கிருமி இருந்தும் புண்ணே வராது. பல வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரு நாள் திடீரென்று புண் வரலாம். அதனால் இது யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது என்று பெரும்பாலும் சொல்லவே முடியாது. இந்தப் புண்ணை வைத்து மனைவியின் நடத்தையையோ, கணவனின் நடத்தையையோ எடை போடுவது தவறு. வீட்டில் சண்டை வந்தால் புண் ஆறாது. டாக்டரிடம் போவதுதான் நல்லது.

தமிழ்க் கிராமங்களில் நீர்க் கொப்புளத்தைக் கண்டால் அக்கி என்பார்கள். காவி கரைத்துப் பூசுவார்கள். இந்தப் புண்ணில் காவி, மஞ்சள், சாம்பல் எதையும் பூச வேண்டாம்.

பிள்ளைக்கு எப்படித் தொற்றும்?

வயிற்றுக்குள் இருக்கும்போது தொற்றுவது அபூர்வம். பிள்ளை வெளியே வரும் பாதையில் கிருமி இருந்தால்தான் பெரும்பாலும் தொற்றுகிறது. பிள்ளையின் கண்ணில், வாயில், தோலில் ஒட்டிக்கொள்ளும். மூளைக்கும் ஈரலுக்கும் போனால் உயிருக்கே ஆபத்து.

ஆனால் எல்லாத் தாய்க்கும் ஆபத்து ஒரே அளவு இல்லை. இந்தக் கணக்கைப் பாருங்கள்.

கர்ப்பத்துக்கு முன்பே ஒரு பெண்ணுக்கு இந்த நோய் வந்திருந்தால், அவள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருக்கும். அது வயிற்றில் உள்ள பிள்ளைக்கும் போய்ச் சேரும். இப்படிப்பட்ட தாய்மாருக்குப் பிறக்கும் 100 பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்குக்கூடத் தொற்றுவது அரிது.

பிரசவம் நெருங்கும் சமயத்தில் முதல் முறையாகத் தொற்றினால் கதை வேறு. எதிர்ப்புச் சக்தி உண்டாக நேரம் இருக்காது. அப்போது சாதாரணமாகப் பிரசவம் நடந்தால் 100 பிள்ளைகளில் 30 முதல் 50 பிள்ளைகளுக்குத் தொற்றலாம்.

ஆகவே கணவன்மார்களும் கேட்க வேண்டும். உங்களுக்கு இந்தப் புண் எப்போதாவது வந்திருக்கிறதா? மனைவிக்கு வந்ததில்லையா? அப்படியானால் கடைசி மூன்று மாதம் உடலுறவு வேண்டாம். உதட்டில் வரும் கொப்புளமும் இதே இனக் கிருமிதான். அது இருக்கும்போது வாய் வைப்பதும் கூடாது.

டாக்டர் என்ன செய்வார்?

கர்ப்பத்தின்போது புண் வந்தால் உடனே காட்டுங்கள். அசைக்ளோவிர் என்ற மாத்திரை தருவார். முன்பே நோய் வந்தவர்களுக்கு 36-வது வாரத்திலிருந்து பிரசவம் வரை தினமும் இந்த மாத்திரை கொடுப்பதுண்டு. பிரசவ நேரத்தில் புண் வராமல் இருக்க இது உதவும். கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். எவ்வளவு, எத்தனை நாள் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பிரசவ வலி வந்ததும் டாக்டர் அந்த இடத்தைப் பார்ப்பார். புண் இல்லை, எரிச்சலும் இல்லை என்றால் சுகப்பிரசவமே போதும். புண் இருந்தாலோ, புண் வருவதற்கு முன் வரும் எரிச்சல், குறுகுறுப்பு இருந்தாலோ சிசேரியன் செய்வார்கள். கடைசி ஆறு வாரத்தில் முதல் முறையாகப் புண் வந்திருந்தாலும் சிசேரியன்தான் நல்லது என்பார்கள்.

எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சிசேரியன் வசதி இல்லை. அதனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, எந்த வண்டியில் போவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். பனிக்குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே கிளம்புங்கள். வீட்டுப் பிரசவம் வேண்டவே வேண்டாம்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2011-ம் ஆண்டில் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் வந்தது. அதன்படி இந்தியா முழுவதும் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம். சிசேரியனும் இலவசம். மருந்து, பரிசோதனை, சாப்பாடு, போக வர வண்டி எல்லாம் அதில் அடங்கும்.

பிள்ளை பிறந்த பிறகு

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். மார்பில் கொப்புளம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் கொடுக்கக் கூடாது. பிள்ளையைத் தூக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். உதட்டில் கொப்புளம் உள்ளவர்கள் பிள்ளைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது. பாட்டியாக இருந்தாலும் சரி, அப்பாவாக இருந்தாலும் சரி.

முதல் ஆறு வாரம் பிள்ளையைக் கவனமாகப் பாருங்கள். தோலில் நீர்க் கொப்புளம், கண் சிவப்பு, காய்ச்சல் அல்லது உடம்பு சில்லிடுதல், பால் குடிக்காமை, துவண்டு கிடத்தல், வலிப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாய்க்கு ஹெர்பிஸ் உண்டு என்று சொல்லுங்கள். நரம்பு வழியாக மருந்து ஏற்றுவார்கள். 14 நாள் அல்லது 21 நாள் ஏற்ற வேண்டியிருக்கும். சீக்கிரம் தொடங்கினால் பிள்ளை பிழைக்க வாய்ப்பு அதிகம். பிள்ளையைப் பார்க்க ஆஷா பணியாளர் வீட்டுக்கு வரும்போதும் கேளுங்கள்.

வாயால் சொல்ல முடியவில்லையா?

பிரசவ அறையில் பலர் இருப்பார்கள். மாமியார் பக்கத்தில் நிற்பார். அங்கே வாய் திறக்க முடியாமல் போகலாம். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். ஒரு சீட்டில் இப்படி எழுதுங்கள்:

"எனக்கு ஹெர்பிஸ் புண் வந்திருக்கிறது. தனியாகப் பேச வேண்டும்."

மாதப் பரிசோதனைக்குப் போகும்போது நர்ஸ் கையில் அந்தச் சீட்டைக் கொடுங்கள். பிரசவத்துக்குப் போகும்போதும் ஒன்று எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. நர்ஸ் புரிந்துகொள்வார்.