கல்லடி உப்போடையில் வளர்ந்த தொண்டு



தொண்டர் சங்கம் என்றதும் பலருக்கு நினைவில் வருவன புயலும் வெள்ளமுமே. 1957ஆம் ஆண்டு வெள்ளம், 1978 நவம்பர் 23ஆந் திகதிப் புயல், 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை ஆகியவற்றின்போது சோற்றுப் பொட்டலம் கட்டாத கை மட்டக்களப்பில் அரிது. ஆனால் அது ஒரு மாதத்து வேலை. ஆண்டாண்டாகத் தொடர்ந்த தொண்டொன்றைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம். கல்லடி உப்போடை இராமகிருஷ்ண மிஷனின் தொண்டு அது.

காரைதீவிலே 1892இல் பிறந்த மயில்வாகனனார் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றவர். நம்முள்ளும் பலர் பாதிரிமார் பாடசாலைகளிற் கற்றவர்களே. அதனை மறைக்க வேண்டியதில்லை. மெதடிஸ்த குருவான வில்லியம் ஓல்ட் 1814இல் இங்கு வந்து பள்ளி தொடங்கியிராவிடில் இக்கரையில் ஆங்கிலக் கல்வி எத்தனை ஆண்டு பிந்தியிருக்குமோ! ஆயினும் சைவப் பிள்ளைக்கு வேறிடம் அருமையாயிருந்தது. ஏழைப் பிள்ளைக்கோ எவ்விடமும் அருமை.

மயில்வாகனனார் 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். 1929இல் கல்லடி உப்போடையில் நிறுவிய பாடசாலைக்குத் தம் குருவின் பெயரையே சூட்டினார். அதுவே சிவானந்த வித்தியாலயம்.

ஊரவர் பெருமையாகக் காட்டுவது கட்டடத்தை. நாம் சொல்ல விரும்புவது மாணவர் இல்லத்தை. வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து ஒரு பிள்ளை நாள்தோறும் தோணியேறி வந்து படித்தல் எளிதா? பெற்றாரில்லாப் பிள்ளை வந்து சேர்ந்தாலும், அதற்கு உலை வைப்பார் யார்? ஆகவே பாடப்புத்தகத்துக்கு முன்பே சோறும் பாயும் விளக்கும் வேண்டும். அரிசி இருக்கிறதா, காய்ச்சற்காரப் பிள்ளைக்குக் கஞ்சி வைத்தாயிற்றா என்று தினமும் பார்க்க ஒருவர் வேண்டும். விபுலாநந்தர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கும் தமிழ்ப் பேராசிரியராகச் சென்றார். இங்கே அன்றாடச் சுமையைத் தாங்கியோர் பிறர். அவருள் சுவாமி நடராஜானந்தரின் பெயரை மூத்தோர் நன்கறிவர். யாழ்நூலைப் புகழும் மேடைகளில் இந்த அடுப்படி உழைப்பு பேசப்படுவதில்லை. அது நமக்கு மனக்குறையே.

பின்பு ஒரு சோதனை வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. மிஷன் நடத்திய பள்ளிகளும் போயின. முகாமையும் ஆசிரியர் நியமனமும் போனபின் எஞ்சியோர் இல்லத்துப் பிள்ளைகள். அவர்களை மிஷன் கைவிடவில்லை. யுத்த ஆண்டுகளில் தகப்பனை இழந்த பிள்ளைகள் இப்பகுதியிற் பெருகினர். 2004இல் நாவலடியும் டச்பார் கடற்கரையும் அழிந்தபோது, பலருக்குச் சமைத்துப் பழகிய கைகள் கல்லடியில் ஏற்கனவே இருந்தன.

இனி நமது மன்றத்துக்கு வருவோம். நிவாரண நிதிக்குப் பணந்தருவோர் உளர். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலைப்பாடம் சொல்லிக்கொடுக்கச் செவ்வாயும் வியாழனும் ஒவ்வொரு மணித்தியாலம் தருவோர்தாம் இல்லை. இதுவரை மூவர் பெயர் தந்துள்ளனர். பரீட்சை வந்தால் அந்த மூவரும் வருவரோ என்பது ஐயம். பல்கலைக்கழக மாணவராகிய நமக்கு அது தெரியும். எட்டுப் பேராவது வேண்டும். மூத்தோரும் வரலாம், பெருக்கல் வாய்பாட்டில் அவர்கள் நம்மினும் வல்லவர். பதிவுப் புத்தகம் செயலாளரிடம் இருக்கிறது.