பாட்டரியின் தத்துவமும் நமது கடமையும்

(அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரக் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை ஏற்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். சைக்கிள் கைப்பிடியில் நிக்கல் பூச்சு ஏறுவது எவ்வாறு? நிக்கல் உப்புக் கரைசலில் இரும்பை அமிழ்த்தி, மின்சாரத்தின் எதிர்முனையோடு இணைக்கின்றனர். கரைசலிலுள்ள நிக்கல் அதன்மேல் படிகிறது. இங்கே மின்சாரம் இரசாயன மாறுதலை உண்டாக்குகிறது. அதற்கு மாறாக, இரசாயன மாறுதல் மின்சாரத்தை உண்டாக்குமாயின் அதுவே பாட்டரியாகும். இத்தாலிய விஞ்ஞானி வோல்டா 1800-இல் இதனை உலகறியச் செய்தார்.

மீண்டும் மின்சாரம் ஏற்றக்கூடிய ஈயப் பாட்டரியை 1859-இல் அமைத்தவர் பிரான்சு தேசத்துப் பிளான்டே. டிராக்டரிலும் இன்வெர்ட்டரிலும் பெரும்பாலும் இருப்பது இதுவே. நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் ஈயத் தகடும் ஈய டையாக்ஸைடுத் தகடும் நிற்கின்றன. ஓர் அறைக்கு ஏறக்குறைய 2 வோல்ட். ஆறு அறைகளுக்கு 12 வோல்ட். மின்சாரம் செலவாகுங்கால் இரு தகடுகளிலும் ஈய ஸல்பேட் உண்டாகிறது. திராவகம் நீர்த்துப் போகிறது. மின்சாரம் ஏற்றினால் யாவும் பழைய நிலைக்குத் திரும்பும். செலவான நிலையிலேயே பல வாரம் விட்டுவைத்தால் ஸல்பேட் கெட்டிப்பட்டுப் பாட்டரி கெடும்.

மூடி திறக்கும் பாட்டரியில் நீர் குறைந்தால் வாலைநீரையே ஊற்றுக. கிணற்று நீரிலுள்ள உப்புக்கள் தகடுகளைக் கெடுக்கும். மின்சாரம் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். ஆதலால் அருகில் பீடியோ விளக்கோ கூடாது.

இனி முக்கியமான விஷயம். பழைய பாட்டரியைக் காயலான் கடையில் போடுவோர் பலர். ஒழுங்கற்ற இடங்களில் அதனை உடைத்து, திராவகத்தை மண்ணில் கொட்டி, ஈயத்தைத் திறந்த அடுப்பில் உருக்குவதுண்டு. அந்தப் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். இவ்வளவு ஈயம் தீங்கற்றது என்று வரம்பு கூறுவதற்கில்லை. பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறுவதற்கு 2001-இல் இந்திய சர்க்கார் விதிகள் இயற்றினர்; 2022-இல் வேறு விதிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. பாட்டரியைத் தனியே பிரித்து, உரியவரிடம் ஒப்படைப்பது உபயோகிப்போர் கடமை.

தனி ஒருவர் ஒரு பாட்டரியைச் சுமந்து செல்வது சிரமம். சங்கம் இருபது பாட்டரிகளைச் சேர்த்து, பதிவு பெற்ற நிலையத்தாரிடம் அனுப்புவது எளிது. கிடைக்கும் தொகையை அவரவர் கணக்கில் வரவு வைக்கலாம். வருஷத்திற்கு ஒரு நாள் இதற்கென ஒதுக்குமாறு அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானிக்க வேண்டுகிறேன்.