கவுன்சிலிங்குக்குப் போன நீதிபதி

மற்றவர்களைக் கவுன்சிலிங்குக்கு அனுப்புகிற நீதிபதிகள் நிறைய உண்டு. தானே போய் உட்கார்ந்தவர் ஒருவர் இருக்கிறார்.

2021-இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், ஒருவரையொருவர் விரும்பி, சேர்ந்து வாழ்வதென்று முடிவெடுத்துச் சென்னைக்கு வந்துவிட்டார்கள். ஆதரவு தந்தவை தொண்டு அமைப்புகள். பெற்றோர் போலீஸில் புகார் கொடுத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது.

நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பெண்களையும் பெற்றோரையும் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். பெண்கள் தெளிவாகவே இருந்தார்கள். பெற்றோருக்குத்தான், 'ஊர் என்ன சொல்லும்' என்ற கவலை. நம் பக்கத்தில் அது சின்னக் கவலையா என்ன!

நீதிபதி அதோடு விடவில்லை. தன் மனதிலும் பழைய எண்ணங்கள் இருக்கின்றன என்று வெளிப்படையாகச் சொல்லி, தீர்ப்பு எழுதுமுன் தானும் ஆலோசகரிடம் போனார். கேட்டுத் தெரிந்துகொண்டார். தன்பாலின ஈர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை தருவதற்கு அந்த ஆண்டு ஜூன் மாதமே தடை போட்டார். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிச் செய்வதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

சென்னையில் தன்பாலின ஈர்ப்புள்ளவர்களுக்குத் துணைநிற்கும் 'ஓரினம்' போன்ற குழுக்கள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. பிள்ளைகள் மட்டுமல்ல, குழம்பி நிற்கிற அப்பா அம்மாவும் அங்கே போய்ப் பேசலாம்.